பேர் கூப்பிடும் வேலை

இலங்கையின் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் அழகனை மிஞ்ச ஆளில்லை. அதனால் 1957இல், அவனுடைய முப்பத்திரண்டாவது வயதில், தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கையா அவனைக் கங்காணியாக்கி இருபத்திரண்டு பேரை ஒப்படைத்தார். வேலை வாங்குவது அவனுக்குச் சிரமமில்லை. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட வேண்டுமே, அதுதான் சிரமம். சிறு வயதிலிருந்தே அவனுக்குத் திக்குவாய்.

முதல் நாள் முதல் பேரே பழனியாண்டி. "ப... ப்ப... ப்ப..." என்று உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. பழனியாண்டி இரக்கப்பட்டு, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றான். மற்றவர்களும் கூப்பிடுவதற்கு முன்பே குரல் கொடுத்தார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பேரை நானே கூப்பிட்டுக்கிறேன். நீ வேலையப் பாரு" என்றார் கண்டாக்கையா.

"ப... பத்து நாள் கு... குடுங்கய்யா."

அவர் சரியென்றதும், அழகன் மலையில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தான். உதட்டை அழுத்தினால் சொல் சிக்கியது. முதலில் கொஞ்சம் மூச்சை விட்டு, உதட்டைப் பட்டும் படாமலும் வைத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. நாலே நாளில், குடியிருந்த லயத்துக் காம்பராவில் மனைவி சண்முகவடிவின் முன்னால் இருபத்திரண்டு பேரையும் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டான்.

மறுநாள் பெரட்டில் துணிந்து நின்றான். அன்றைக்குப் பழனியாண்டிக்குக் காய்ச்சல். இரண்டாவது பேரிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. வீரய்யாவிலேயே வாய் அடைத்துப்போனது.

"நீங்க பேரைப் பழகலைங்க, வரிசையைப் பழகியிருக்கீங்க" என்றாள் சண்முகவடிவு.

அதற்குப் பிறகு அடுப்பு வேலைக்கு நடுவே, வரிசையில்லாமல் திடீரென்று கேட்பாள். "மூணாவது காம்பராவுல யாரு?"

"ராக்காயி."

"தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல?"

"மூ... மூக்கன்."

முன்னைவிட அதிகமாகத்தான் தடுக்கியது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் மூச்சை விட்டு மறுபடி தொடங்கும்வரை மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

எட்டாம் நாள் அழகன், தன் ஆட்களில் ஒருவனான கூட்டாளி பொன்னையாவிடம் போனான். திக்குவாயைப் பற்றி அதுவரை அவன் யாரிடமும் பேசியதில்லை. சொல்லத் தொடங்கியதுமே காது சிவந்தது.

"நா... நான் முடிக்கிற வரைக்கும் யாரும் பதில் சொல்லக் கூடாது. எ... எல்லார்கிட்டயும் சொல்லிடு."

"ஒனக்கு ஒத்தாசையா இருக்கும்னுதானடா சொன்னோம்?"

"தெரியும். நீங்க முந்திக்கிட்டா என் வாய் எப்படிப் பழகும்?"

பத்தாம் நாள் பெரட்டில் மூடுபனி. அழகன் பழனியாண்டியைக் கூப்பிட்டான். வீரய்யா வந்தான். ராக்காயி வந்தாள். நல்லமுத்துவில் லேசாகத் தடுக்கி மீண்டான். பொன்னையாவில் உதடு ஒட்டிக்கொண்டது.

யாரும் பேசவில்லை. பொன்னையா நிலத்தைப் பார்த்தபடி நின்றான். அழகன் உதட்டைத் தளர்த்தினான், மூச்சை விட்டான், மறுபடி தொடங்கினான்.

"பொன்னையா."

"வந்தேங்க!"

இருபத்திரண்டும் முடிந்தது. கண்டாக்கையா குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "நாளைக்கும் நீயே கூப்பிடு" என்றார்.

கோபம் வந்தால் அழகனுக்குக் கடைசிவரை திக்கத்தான் செய்தது. ஆனால் அவனுக்காக வேறு யாரும் பேர் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பத்தாம் நாள் மலை ஏறும்போது பொன்னையாவிடம் வழி நெடுகப் பேசிக்கொண்டே போனான்.

"போதும்டா, என்னையும் கொஞ்சம் பேச விடு" என்று சிரித்தான் பொன்னையா.