முதலில் எழுந்திருப்பது யார்?

எங்கள் பெண்ணின் கல்யாணத் தேதி பேசத்தான் இரண்டு குடும்பமும் அந்த ஓட்டலில் தங்கினோம். பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்தது. அதோடு அறைக்குப் போகாமல் என் வீட்டுக்காரரும் சம்பந்தியும் மொட்டை மாடியில் இருந்த வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நான் துண்டுகளோடு போனபோது அரை மணி ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது.

"போதும், எழுந்திருங்க," என்றேன்.

"சம்பந்தி உட்கார்ந்திருக்கும்போது நான் எப்படி? அவர் முதல்ல எழுந்திருக்கட்டும்."

"ஐயையோ, உங்களை விட்டுட்டு நான் எழுந்தா நல்லாவா இருக்கும்? நீங்க முதல்ல," என்றார் சம்பந்தி.

இப்படி மரியாதையிலேயே இரண்டு பேரும் வெந்துகொண்டிருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வெயிலில் சுருண்டு விழுந்த பிள்ளைகளைத் தூக்கி ஓடியவள். இது எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும். காலையில்தான் இவர் பிரஷர் மாத்திரை போட்டிருந்தார். அதைச் சொன்னால் சம்பந்தியே இவரை எழுப்பி அனுப்பிவிடுவார். ஆனால், "பரம்பரை வியாதின்னு நினைச்சுடுவாங்க, மூச்சு விடக்கூடாது" என்று வழியெல்லாம் உத்தரவு போட்டவளே நான்தான். வீட்டில் ஒரு பேச்சும் கேட்காத மனிதர், இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டுத் தொலைத்திருக்கிறார்.

"லேசா தலை சுத்துது," என்றார், சம்பந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

மானமாவது மண்ணாங்கட்டியாவது! "சம்பந்தி, இவருக்கு பிரஷர் இருக்கு! அஞ்சு வருஷமா மாத்திரை!" என்று மைதானத்துக் குரலில் கத்தினேன். எதிர் மாடியில் துணி காயப்போட்டவள்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும்தாங்க. பத்து நிமிஷமா கண்ணு இருட்டுது. எழுந்தா விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

சூட்டை நிறுத்திவிட்டு ஓட்டல் ஊழியரைக் கூப்பிட்டேன். "யாரும் சட்டுனு நிக்கக் கூடாது. முதல்ல படியில உட்காருங்க. அப்புறம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா. ரெண்டு பேரும் ஒண்ணாவே வாங்க, யார் மரியாதையும் குறையாது!"

ஆளுக்கொருவராகத் தாங்கிப் பிடித்து, நிழலில் படுக்கவைத்து, ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். இவர் தெளிவாகப் பேசும்வரை நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபத்தைச் சம்பந்தியிடம் காட்டினேன்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னங்க?"

"பொண்ணு வீட்டுல மூச்சு விடக்கூடாதுன்னு எங்க வீட்டம்மா உத்தரவுங்க."

என் வீட்டுக்காரர் படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, இன்னும் தண்ணீர் கொண்டுவர வேகமாக நடந்தேன்.