சாப்பிட்டு முடிச்சிட்டு வா

"கொழுப்போடயா, கொழுப்பில்லாமயா?"

கத்தி பிடித்திருந்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார். இத்தனை நேரம் அந்த சாண்ட்விச் கடை வரிசையில் நின்றும் இந்தக் கேள்வி வரும் என்று லியோவுக்குத் தோன்றவே இல்லை. ஊரில் டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வர, "கொழுப்பில்லாம" என்றான். பின்னால் நின்ற அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எந்த ஊரு நீங்க?"

"ஒமாஹா."

"அதான பாத்தேன்" என்றாள் அவள், ஏதோ நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டது போல.

கத்திக்காரர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். சட்டை மார்பில் ரமோன் என்று பெயர் தைத்திருந்தது. "இங்க வந்து கொழுப்பில்லாம கேக்கறீங்களே, யாரு சார் உங்கள அனுப்பினது?"

"எங்கண்ணன். ஹெர்ஷல் வெயின்ட்ராப்."

கத்தி நின்றது. "ஹெர்ஷலோட தம்பியா? அந்த ஒமாஹா தம்பியா? அய்யோ, உங்களப் பத்திப் பேசாத நாளே கிடையாது. அங்க செருப்புத் தோலத் திங்கறான் என் தம்பின்னு சொல்லுவாரு." ரமோன் சிரித்தார். "ஆளக் கண்ணுலயே காணோமே, எங்க போனாரு?"

"ஆஸ்பத்திரியில இருக்காரு."

"எப்ப வீட்டுக்கு விடறாங்க?"

"தெரியல."

ரமோன் கத்தியைத் துடைத்துக்கொண்டார். ஆவி பறந்துகொண்டிருந்த இறைச்சிக் கட்டியிலிருந்து ஒரு துண்டை அரிந்து, கொழுப்பு மினுங்க, காகிதத்தில் வைத்து நீட்டினார். "இத வாயில போடுங்க. அப்புறமும் கொழுப்பில்லாமதான் வேணும்னா தர்றேன்."

லியோ வாயில் போட்டான். பிறகு தலையை மட்டும் ஆட்டினான். ரமோனும் தலையை ஆட்டிவிட்டு வெட்ட ஆரம்பித்தார். பின்னாலிருந்த அம்மாள், "இப்பதான் மனுஷனா ஆனாரு" என்றாள்.

ஜன்னலோரமாகச் சுவரை ஒட்டிய சின்ன மேஜை ஒன்று கிடைத்தது. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் உடனே சாப்பிடவில்லை. முதலில் பார்த்தான். ஏனென்றால் பார்த்ததையெல்லாம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அவனை அனுப்பியிருக்கிறார்கள்.

ஹெர்ஷலுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு அவன் நியூயார்க் வந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒமாஹாவில் லியோவுக்கு இரும்புச் சாமான் கடை. ஒழுகுகிற குழாய், இறுகிப்போன தாழ்ப்பாள், ஓடாத மோட்டார் எது வந்தாலும் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து ஒரு வழி செய்துவிடுவான். ஆஸ்பத்திரியில் அவன் கைக்கு ஒரு வேலையும் இல்லை. தலையணையைச் சரிசெய்தான், அது முன்னைவிடக் கோணலாயிற்று. நர்ஸைக் கூப்பிட்டான், அவள் வந்து ஒன்றுமில்லை என்று போனாள். டாக்டர்கள் அண்ணி பெசியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவன் கட்டிலின் கால்மாட்டில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கம்பியின் ஒரு திருகு தளர்ந்திருந்தது. அதை நகத்தால் இறுக்கினான். ஒரு வாரத்தில் அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

இன்று காலை ஹெர்ஷல் கண்ணைத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூக்கில் குழாய். சாப்பாடு நின்று எத்தனையோ நாளாயிற்று.

"டேய், கம்பம் மாதிரி நிக்காதடா. பாக்கவே பயமா இருக்கு."

"என்ன பண்ணச் சொல்ற?"

"போயி ஒரு பாஸ்ட்ராமி சாண்ட்விச் சாப்பிடு. நான் எப்பவும் போற கடையில."

"உன்ன இப்படி விட்டுட்டா?"

"நான் எங்க ஓடிடப் போறேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "எத்தன வருஷமா வாடா வாடான்னு கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் கடைய விட்டு வரமுடியலன்னே. இப்ப வந்துருக்க இல்ல. போ. சாப்பிட்டுட்டு வந்து சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"எல்லாத்தையும். ரொட்டியோட ஓரத்துலேர்ந்து ஆரம்பி. நல்லாருந்துச்சுன்னு ஒத்த வார்த்தையில முடிச்சே, கொன்னுடுவேன்."

லியோ பெசியைப் பார்த்தான். "போயேன்" என்றாள் அவள். "அவரு ஆசப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்."

அதனால் இப்போது லியோ ரொட்டியின் ஓரத்தைக் கவனித்தான். ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று, சீமைச் சீரக வாசனையோடு இருந்தது. பாஸ்ட்ராமி, உப்பில் ஊறவைத்துப் புகைபோட்ட மாட்டிறைச்சி, உள்ளங்கை அகலத்துக்கு அடுக்கியிருந்தது. வெளிப்பக்கம் மிளகும் கொத்தமல்லியும் கருகிய கறுப்பு, உள்ளே ரோஜா நிறம், இடையிடையே கண்ணாடி போலக் கொழுப்பு. கடித்தான். முதலில் ரொட்டியில் தடவிய கடுகு விழுது மூக்கில் ஏறியது. அப்புறம் புகை. அப்புறம் மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் எல்லாம் கரைந்து இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். பேச்சில் அவன் கெட்டிக்காரன் அல்ல. எங்கள் ஊரில் விற்பதெல்லாம் செருப்புத் தோல்தான், நீ சொன்னது சரி, என்று ஆரம்பிக்கலாம். அதைக் கேட்டாலே ஹெர்ஷல் சிரிப்பான். வெள்ளரி ஊறுகாயைக் கடித்தபோது வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்தான். ஒரு வாரத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அதை நன்றாகவே செய்துகொண்டிருக்கிறோம் என்றுகூடத் தோன்றியது.

ஒரு பாதி முடிந்தபோது போன் அடித்தது. பெசி.

"எங்க இருக்க?"

"கடையிலதான். பெசி, இவன் இத்தன வருஷமா சொன்னதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல."

"சாப்பிட்டாச்சா?"

"பாதி ஆச்சு. இன்னும் பாதி இருக்கு."

ஹெர்ஷலின் அறையில் ராப்பகலாக ஓயாமல் ஒரு மெஷின் கத்திக்கொண்டே இருக்கும். இப்போது போனில் அந்தச் சத்தத்தைக் காணோம்.

"நிதானமா சாப்பிடு" என்றாள் பெசி. "சாப்பிட்டு முடிச்சிட்டு வா."

"முழிச்சிருக்கானா அவன்?"

"முடிச்சிட்டு வா, லியோ. அவசரம் ஒண்ணுமில்ல."

"பெசி..."

"நான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீயும் ஒண்ணும் கேக்காத. தட்டுல இருக்கறத சாப்பிடு."

போனை வைத்துவிட்டாள்.

பெசி ரபி, அதாவது யூத மதகுரு, வீட்டுப் பெண். மதச் சட்டத்தில் ஒரு நூல்கூடப் பிசகமாட்டாள். கூடப்பிறந்தவன் போய்விட்டான் என்று காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து அடக்கம் முடிகிறவரை இறைச்சியைத் தொடக்கூடாது. காதில் விழாதவரை தடையில்லை. அப்பா இறந்தபோது ஊரிலிருந்த லியோவுக்குப் போன் செய்து சொன்னவன் ஹெர்ஷல்தான். என்ன சாப்பிடறே என்று கேட்டான். கோழி என்றதும், சாப்பிட்டு முடி, நான் போன வைக்கல, லைன்லயே இருக்கேன் என்றான். லியோ மென்று விழுங்குகிறவரை அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகுதான் சொன்னான்.

லியோ தட்டைப் பார்த்தான். பெசி பொய் சொல்லவில்லை. தன்னால் கொடுக்க முடிந்ததைக் கொடுத்திருக்கிறாள். அரை சாண்ட்விச் அளவு நேரம். எழுந்து ஓடினால் தெரிந்துவிட்டது என்று ஆகிவிடும். தட்டைத் தள்ளி வைத்தாலும் அப்படித்தான். சாப்பிட்டாலோ, சாப்பிடச் சாப்பிட அந்த நேரம் தீர்ந்துகொண்டே வரும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் கைபோட ஓர் இடம் கிடைக்கவில்லை.

அவன் மீதிப் பாதியை எடுத்து ஒரு கடி கடித்தான். கடுகு ஏறியது. புகை வந்தது. எல்லாம் முன்பு போலவே அருமையாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. ருசி கெட்டுப் போயிருந்தால் தேவலை, நாக்கு மரத்துப் போயிருந்தாலும் தேவலை. ஆனால் நாக்கு தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஹெர்ஷலிடம் சொல்ல ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்ததைக்கூட அது நிறுத்தவில்லை.

மேஜைகளுக்கு நடுவே வந்த ரமோன் பக்கத்தில் நின்றார். "என்ன சார், கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சா?"

"இல்ல. நல்லாருக்கு."

"பின்ன ஏன் கையிலயே வெச்சுட்டு உக்காந்துருக்கீங்க? ஹெர்ஷலா இருந்தா இந்நேரம் தட்டையே நக்கியிருப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "வேணும்னா ஒண்ணு கட்டித் தர்றேன், அவருக்குக் கொண்டு போங்க. திங்க முடியாட்டி என்ன, மோந்து பாக்கட்டும். பாவம்."

லியோ வாயைத் திறந்தான். இந்த மனிதரிடம் சொன்னால் அது தன் காதிலும் விழும்.

"அப்புறமா" என்றான். "இத முடிச்சிடறேன்."

"மெதுவா, மெதுவா" என்று தோளில் தட்டிவிட்டு ரமோன் கத்திக்குத் திரும்பினார்.

ஜன்னல் கண்ணாடி உள்ளே ஆவி படிந்து மங்கியிருந்தது. வெளியே வரிசை தெருவரைக்கும் நீண்டிருந்தது. பச்சைத் தொப்பி போட்ட ஓர் ஆள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து, உள்ளே எந்த மேஜை காலியாகும் என்று தேடினான். அவன் பார்வை ஒவ்வொரு தட்டாகத் தாண்டி லியோவின் தட்டில் வந்து நின்றது. லியோவும் அவனைப் பார்த்தான். அந்த ஆள் சிநேகமாகச் சிரித்து, புருவத்தைத் தூக்கி, முடிந்ததா என்று கையால் கேட்டான். லியோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். லியோவுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து, அந்த ஆள் இன்னொரு தடவை, இன்னும் தெளிவாக, கையை விரித்துக் காட்டினான்.