மேல் லெவலுக்கு ஏற்றிய தண்ணீர்

நான்கு மணிக்கு மகள் இந்து பிரசவத்துக்கு வருகிறாள், இங்கே அவள் படுக்க வேண்டிய பின்னறையில் கணுக்கால் தண்ணீர். மாலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முதல் பிரசவத்துக்கே மகள் தாய்வீட்டுக்கு வரவில்லை. அப்போதும் இதே மழை, இதே அறை. ஈர வீட்டில் பச்சை உடம்பை வைக்க முடியாது என்று சம்பந்தியம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். இந்தத் தடவையும் தரை ஈரமாக இருந்தால் அதே காரில் திருப்பி அழைத்து வரச்சொல்லி மருமகன் திலீப்பிடம் சொல்லியிருக்கிறாளாம்.

கொல்லையில் அவள் கணவர் தாமோதரன் சம்ப் ஓரம் குந்தியிருந்தார். மழைத்தண்ணீர் வந்து விழத் தோண்டிய குழி அது. உள்ளே ஒரு மோட்டார். மனிதர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் கீழ் லெவல் தண்ணீரை மேல் லெவல் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் ஓட்டியவர். சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாயிற்று, அந்தக் கெத்து மட்டும் மூடவில்லை.

காலையில் மோட்டார் உறுமியது, தண்ணீர் இழுக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கித் தூக்கிப் பார்த்தால் அடியில் பால் கவர். எடுத்தார். பிறகு தானாக ஓடவில்லை. தண்ணீர் ஏறினால் மோட்டாரைப் போடும் மிதவை குழிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தது. நகர்த்தினார். இப்போது மோட்டார் ஜம்மென்று ஓடுகிறது, தண்ணீர் மட்டும் ஓர் அங்குலம் இறங்கவில்லை.

"மோட்டார் கம்பெனி சரியில்ல," என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். "இன்னாங்க, அது தள்ற தண்ணி எங்க போவுது?" என்று கேட்டாள் மாலா.

"கொர்னேலிக்கு."

"அவரு வீட்டுக்கா?"

"அவன்தான மேல் லெவல். அவன் தொட்டிக்கு ஏத்தினா என் வேல முடிஞ்சிது. அங்கேர்ந்து அவன் பாடு. இருவது வருஷம் அப்படித்தான்."

மாலா ஸ்டூலைப் போட்டு மதில்மேல் எட்டிப் பார்த்தாள். சுரங்கத்தில் மேல் லெவல் பம்ப் ஓட்டிய பக்கத்து வீட்டு கொர்னேலியஸும் தன் சம்ப் ஓரம் குந்தியிருந்தார். அவருடைய பைப் மதில் ஏறி, மாலாவின் முருங்கை மரத்தடியில் இறங்கி, கொடகொடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இன்னாண்ணே இது?"

"உங்க வீடுதானம்மா மேடு. மேல இருக்கறவன்தான வெளிய தள்ளணும்? சுரங்கத்துல அதான் ரூல்."

ஒரே தண்ணீரைக் காலையிலிருந்து இரண்டு கிழங்களும் மாற்றி மாற்றி ஏற்றிக்கொண்டிருக்கின்றன. கரண்டு பில்லைக் கட்டுவது இரண்டு வீட்டுப் பொம்பளைகள்.

"ரூலத் தூக்கிக் குப்பைல போடுங்க!"

இரண்டு பைப்பையும் மாலாவே இழுத்துக்கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் விட்டாள். ஒரு மணி நேரத்தில் சம்ப் காலி. அறையிலிருந்து தண்ணீரும் வடிந்தது. ஆனால் மண்சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறிப்போயிருந்தது. துணியால் ஒற்றினாள், ஃபேனைப் போட்டாள், கணவனைத் திட்டினாள். எதற்கும் சுவர் காயவில்லை.

திலீப் வந்ததும் நேரே பின்னறைக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தான். உடனே அம்மாவுக்குப் போன் போட்டான். தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டார்.

எட்டு மாத வயிற்றோடு வாசற்படி ஏறிய இந்து, கணவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அத்த, ஈரமாத்தான் கீது. நான் முன்ரூம்ல படுத்துக்கறேன். பிரசவம் ஆனப்புறம் வரேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "போன தடவயே இப்படிச் சொல்லியிருக்கணும்மா. உன்மேலதான் கோவம் எனக்கு. ஒரு தடவகூட நீ வந்தே ஆவணும்னு சொல்லல."

காலையிலிருந்து ஆளுக்கொரு திட்டு வைத்திருந்த மாலா, தானே போய்க் காரிலிருந்து மகளின் பெட்டியை இறக்கி முன்ரூமில் வைத்தாள்.