வாடகைக்காரரின் நீலச் சட்டை

எதிர் வீட்டுக் கதவடியில் வெளிச்சம் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் கதவின் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்தேன். எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான். நான்கு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீட்டில் விளக்கெரியும்போது பார்க்காமலிருப்பது அதைவிடக் கெட்ட பழக்கம்.

அது லிஃப்ட் மெக்கானிக்கின் வீடு. லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தில், முதல் மாடியில், ஓய்வு பெற்ற கையோடு வாங்கினார். இரண்டு தெரு தள்ளி அவர் குடியிருக்கும் சொந்த வீட்டை அடமானம் வைத்துத்தான். வாடகை வரும், அது தவணைக்குப் போகும், கடைசியில் இரண்டு வீடும் மிச்சம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. "காலியா கிடந்தா தவணைய யாரு கட்டுவா?" என்று கேட்டேன். சிரித்தார். "லிஃப்ட்ட ஒழுங்கா பாத்துக்கிட்டா யாரும்மா படியேறப் போறா? வீடும் அப்படித்தான்."

பார்த்துக்கொண்டார், அதுதான் வினை. வாடகைக்கு விடுவதைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சின்ன ஒழுகலை அப்போதே கவனிக்க வேண்டும் என்று யாரோ சொன்னது மட்டும் இவர் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. காலமெல்லாம் லிஃப்ட்டுக்குச் செய்ததையே வீட்டுக்கும் செய்தார்: சர்வீஸ். ஞாயிறு சாயங்காலம் டார்ச்சும் பையுமாக வந்து குழாயைத் திருகி, கீலுக்கு எண்ணெய் விட்டு, சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்ப்பார். முதலில் குடியிருந்த நர்ஸ், இரவு வேலைக்குப் போகும்முன் கொஞ்சம் கண்ணயர்ந்திருப்பாள். "நான் பாட்டுக்கு முடிச்சிட்டுப் போயிடறேன், நீ தூங்கும்மா" என்பார். கட்டிலுக்கடியில் வீட்டுக்காரர் கிடக்கும்போது எவளுக்குத் தூக்கம் வரும்? மாதம் ஒருமுறை என்பது வாரம் ஒருமுறையானதும், மணியடித்தால் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமலிருக்கப் பழகிக்கொண்டாள். இவர் விடுவாரா? வெளியில் நின்று அந்த அழைப்பு மணியையே கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போவார்.

நர்ஸ் போனாள். அடுத்து வந்த கணக்கர் ஆறு வாரம் தாங்கினார். "வீடு தங்கம்க்கா. என்ன, வீட்டுக்காரரும் அதோட சேர்ந்தே வர்றாரு" என்று சொல்லிவிட்டு அவரும் காலி செய்தார். பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் என்னிடம் விசாரித்தார்கள். கேட்டவர்களிடம் பொய்யா சொல்ல முடியும்?

துளையில் ஒன்றும் தெரியாததால் குப்பை கொட்டும் சாக்கில் கீழே இறங்கினேன். தெருவில் மெக்கானிக்கின் மனைவி காய்கறிப் பையோடு அண்ணாந்து நின்றிருந்தாள்.

"ஆள் வந்தாச்சுக்கா. இன்னிக்கு வந்து பாக்குறேன்னு காலையிலயே இவர்கிட்ட சொல்லியிருந்தேன்" என்றாள். "ஒரு மாசமா இவருக்கு அந்த மனுஷன் புராணம்தான். சத்தமே இருக்காதாம். ஒரு ஆணிகூட அடிக்கலையாம். நீங்க பாத்திருப்பீங்களே?"

"லைட் எரியுது" என்றேன்.

பால்கனிக் கொடியில் ஒரு துண்டும் நீலச் சட்டையும் தொங்கின. வீட்டில் ஆளிருக்கிறது என்று பார்ப்பவர் நம்பும்படி. தெரு விளக்கு நேராக விழுந்ததில், சட்டையின் அக்குளில் வேறு நிறத் துணி வைத்துப் போட்டிருந்த ஒட்டுகூடத் தெரிந்தது.

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"அது நான் போட்ட ஒட்டுக்கா."

நான் குப்பை வாளியைக் கீழே வைத்தேன்.

"வீட்டுல சும்மா உக்கார முடியலன்னுதான் மறுபடி லிஃப்ட் வேலைக்குப் போறதா சொன்னாரு. ராத்திரி முட்டி வீங்கி வருவாரு, நான் திட்டிக்கிட்டே தேய்ச்சு விடுவேன். அப்ப அந்தச் சம்பளம்தான் தவணையா... எங்க வீடு..." மறுபடி கொடியைப் பார்த்தாள். "உதறிக் காயப்போடக்கூடத் தெரியல பாருங்க, வாடகைக்காரருக்கு."

விறுவிறுவென்று படியேறினாள். இரண்டு படி விட்டு நானும் ஏறினேன்.

மணியை அழுத்தினாள். அத்தனை முறை துடைத்த மணி, கணீரென்று அடித்தது. உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

கதவடியில் கிடந்த வெளிச்சக் கோடு பட்டென்று அணைந்தது.