அவித்த மண்

உப்புத் தண்ணீருக்கும் அசராத தக்காளி ரகம் என்னுடையது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். வேர்ப் பூஞ்சையை ஆராயும் என் தங்கையை மட்டும் செடிக்கூடத்துக்குள் விட்டதே இல்லை. இந்த முறை சோதனை சுத்தமாக இருக்கட்டும் என்று தொட்டி மண்ணை, அதிலுள்ள நுண்ணுயிரெல்லாம் சாகும்படி, ஆவியில் அவித்தேன். உப்புத் தண்ணீர் ஊற்றியதும் என் செடிகள் துவண்டு விழுந்தன.

வேறு வழியில்லாமல் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் என் ரகத்தையும் ஒரு சந்தை ரகத்தையும் பூஞ்சை கலந்த மண்ணில் நட்டு, அதே தண்ணீரை ஊற்றினாள். சந்தை ரகம் வாடியது. என்னுடையது நிமிர்ந்து நின்றது.

"ஜெயிச்சது உன் பூஞ்சையா, என் ரகமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"ரெண்டும்தான்க்கா. உப்பை வேர்ல தடுக்கறது பூஞ்சை. அதை உள்ளே சேர்த்துக்கறது உன் ரகத்தோட பிறவிக் குணம். உனக்குத்தான் அது இல்ல."