பெனடிக்ட் மாமா நடந்த நாள்

லீலா மேரிக்கு அழுதாலும் ஓர் அழகு வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அக்காவுக்கு எல்லாமே ஒரு படி தூக்கலாக அமையும், துக்கம் உட்பட. தங்கை ஜெயராணிக்கு அதுதான் தீராத ஆத்திரம்.

இருவரின் புருஷன்மாரும் ஒரே வேனில்தான் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த டிப்பர் லாரி வேனை அடித்துத் தூக்கிப் போட்டது. லீலாவின் புருஷன் பெனடிக்ட்டுக்கும் ஜெயராணியின் புருஷன் மரிய ஆல்பர்ட்டுக்கும் முதுகுத் தண்டில் அடி. இரண்டு பேருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. ஆல்பர்ட்டின் வழக்கை ஜெயராணி அவசரப்பட்டு, லோக் அதாலத் சமரசத்தில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு முடித்துவிட்டாள். லீலா காத்திருந்தாள். காத்திருந்தவளுக்கு நல்ல நஷ்டஈடு வரும் என்று அவள் வக்கீல் கலையரசியே சொன்னார். அன்றைக்கு ஜெயராணிக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

அது போதாதென்று ஜெபக்கூட்டம் வேறு வந்து சேர்ந்தது.

ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவை ஒட்டி ஒரு ஜெபக்குழு பந்தல் போட்டிருந்தது. சுகம் கிடைத்தவர்கள் மேடையேறிச் சாட்சி சொல்லலாம். லீலா விடுவாளா? பெனடிக்ட்டின் கால்களில் முட்டு மடங்காமல் தாங்கும் காலிபர் கம்பிகளை மாட்டி, வாக்கரைக் கையில் கொடுத்து மேடையில் நிறுத்தினாள். "பின்னாடி சும்மா நில்லுடி. விழுந்தா மட்டும் பிடி" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, எதிரே மண்டியிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெனடிக்ட்டால் ஓர் அங்குலம் நகர முடியவில்லை. "ராணி, தள்ளும்மா. அவ கண்ணத் தொறக்கப் போறா" என்றார் மெதுவாக. அவருக்குப் போர்த்தியிருந்த பொன்னாடைக்குள் ஜெயராணி கையை விட்டாள். பெல்ட்டைப் பிடித்துத் தூக்கி, தன் முழங்காலால் அவருடைய கால்களை மாற்றி மாற்றி முன்னே தள்ளினாள். நாலைந்து அடி நகர்ந்திருப்பார். கண்ணைத் திறந்த லீலா மைக்கைப் பிடித்து அழுத அழுகையில் பந்தலே சேர்ந்து அழுதது.

"அவகிட்ட சொல்லிராதம்மா" என்றார் பெனடிக்ட். லீலா கேட்டபோது ஜெயராணியும், "நான் எங்கக்கா பிடிச்சேன்? சும்மாதான் நின்னேன்" என்று சொல்லிவைத்தாள்.

நடக்கவே இல்லை என்று தெரிந்தும் பொறாமை வருமா? நன்றாகவே வந்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பெனடிக்ட்டைத் தேடி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஆல்பர்ட்டை எட்டிப் பார்க்க நாதியில்லை. ஒருநாள் லீலா வந்தாள். "நீயும் நம்பிக் கேளுடி. ஒனக்கு விசுவாசம் பத்தல" என்றாள். ஆல்பர்ட்டின் படுக்கைப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஜெயராணிக்கு மருந்து பாட்டிலை அக்கா மேல் விட்டெறியலாம் போலிருந்தது.

ஜெபக்குழு யூடியூபில் போட்ட வீடியோ இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கையில் கிடைத்தது. நடக்கிற மனுஷனுக்கு எதற்கு இவ்வளவு நஷ்டஈடு என்று கேட்டார். கலையரசி ஜெயராணியைக் கூப்பிட்டு, "பின்னாடி நிக்கிறது நீங்கதானே? அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நீங்கதான் கோர்ட்டுக்கு வந்து சொல்லணும்" என்றார்.

அரியலூர் போகும் பஸ்ஸில் ஜெயராணி யோசித்துக்கொண்டே போனாள். சும்மா நின்றேன் என்று சொன்னால் போதும். புதுசாகப் பொய் தேடக்கூட வேண்டாம். லீலாவுக்கும் நமக்கு வந்த மாதிரி சொற்பம்தான் வரும். நினைக்கவே இனித்தது.

கோர்ட்டில் வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். "பெனடிக்ட் தானாத்தான் நடந்தாரு. நீங்க சும்மா பின்னாடி நின்னீங்க. சரிதானே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

ஜெயராணி அக்காவைப் பார்த்தாள். லீலா முகத்தில் துளி பயமில்லை. கேஸ் போனால் போகட்டும், என் புருஷன் நடந்தார் என்கிற பெருமை பளிச்சென்று தெரிந்தது. ஜெயராணிக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஆமாம் என்றால் கோர்ட்டே எழுதி வைத்துக்கொள்ளும், பெனடிக்ட் நடந்தவர் என்று. அப்புறம் ஆல்பர்ட் மட்டும்தான் கிடப்பவன். காசை வேண்டுமானால் அவள் வாங்கித் தொலைக்கட்டும். இதை விட்டுக்கொடுக்க முடியாது.

"நடக்கலைங்க" என்றாள். "எங்க வூட்டுக்காரரு எப்படியோ அப்படித்தான் அவரும். நான்தான் பெல்ட்டத் தூக்கிப் பிடிச்சு முட்டியால தள்ளுனேன். திரும்பப் போட்டுப் பாருங்க, அவரு கால் நகர்றப்பல்லாம் என் சேலை ஆடும்."

திரும்பப் போட்டார்கள். சேலை ஆடியது.

வெளியே வந்ததும், "கேஸைக் காப்பாத்திட்டீங்க" என்று சொல்லிவிட்டுக் கலையரசி அடுத்த கேஸுக்கு ஓடினார். பெனடிக்ட் சக்கர நாற்காலியில் தலை கவிழ்ந்திருந்தார். லீலா தூணில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. முகம் செத்துப் போயிருந்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஜெயராணி இத்தனை நாளும் ஆசைப்பட்டாள். இப்போது பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஒரு அடிகூடவாடி இல்ல?" என்றாள் லீலா.

"கடைசி அடிக்கு நான் கைய எடுத்துட்டேன்க்கா. கேஸ் கெட்டுடுமேன்னு உள்ள சொல்லல."

பெனடிக்ட் நிமிர்ந்து ஜெயராணியைப் பார்த்தார். மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்.

லீலாவுக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்ப நடந்தாருல்ல! அதானே பாத்தேன்!" என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அந்த அழகு மறுபடியும் வந்துவிட்டது. "ஒம் புருஷனும் ஒருநாள் நடப்பாருடி. நம்பிக் கேளு."

ஜெயராணி கையை உருவிக்கொண்டாள். வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. வீட்டில் ஆல்பர்ட்டைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.