பெருமூச்சுக்கு லைசென்ஸ்

என் மாப்பிள்ளை நடத்தும் கிரிப்டோ கம்பெனிக்கு நான்கு நாடுகளில் கிளை. கண்ணுக்குத் தெரியாத காசை, கண்ணால் பார்த்தே இராத ஆட்களுக்கு வாங்கி விற்றுக் கொடுக்கும் கடை என்று நான் சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அதைவிட மரியாதையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு நாட்டின் சட்டப்படி அது பணம். இன்னொரு நாட்டில் அது சரக்கு, உருளைக்கிழங்கு மாதிரி. மூன்றாவது நாட்டில் சூதாட்டத்துக்குச் சித்தப்பா பிள்ளை. நான்காவது நாட்டில் அது என்ன என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். சுருட்டை முடியோடு அந்தக் குழுவில் போய் உட்கார்ந்தவர்கள் எல்லாம் வழுக்கையாகியும் அதே நாற்காலிகளில் யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

இந்த நான்கு சட்டங்களையும் தலையில் சுமப்பவர் ஆபீஸ் வக்கீலம்மா. எதைக் கேட்டாலும் "நாட்டைப் பொறுத்து சார்" என்பார். ஒருமுறை ஜன்னலைத் திறக்கலாமா என்று கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு அதையேதான் சொன்னார்.

ஆபீஸ், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல் மாடி. கீழே அவர் பல்லைக் குடையும்போது மேலே எங்கள் தேநீர்க் கோப்பைகள் மேஜையில் ஊர்வலம் போகும்.

பாதி நாள் தூக்கமும் மீதி நாள் கொட்டாவியுமாக ஓய்வுக்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், நாங்கள் குடியிருக்கும் நாட்டின் சட்டம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும் உயிருள்ள மனிதர் ஒருவர் வாயைத் திறந்து, "நீங்கள் போடும் காசு முழுக்கப் போகலாம்" என்று புரியும்படி சொல்ல வேண்டும். பதிவு செய்த குரல் செல்லாது. ஆபீஸ் பிள்ளைகளோ அதை, தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்கள். யாருக்கும் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. புகார் போயிற்று. அடுத்த சோதனையில் தவறினால் லைசென்ஸ் ரத்து என்று ஆணையம் சொல்லிவிட்டது.

ரத்தானால் மாப்பிள்ளை கம்பெனியைக் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என் மகளும் கூடப் போக வேண்டும். அவளோ அப்போதுதான் சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை திறந்திருந்தாள். ஷட்டரைத் தொட்டால் பெயின்ட் இன்னும் விரலில் ஒட்டியது.

"நான் கடையை மூட மாட்டேன்ப்பா. அவர் வேணா பெட்டியத் தூக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

"அப்படிச் சொல்லாதம்மா. தோச்ச சட்டை எது, தோய்க்காத சட்டை எதுன்னே அவருக்குத் தெரியாது. தனியாப் போனா ஒரே வாரத்துல அந்த நாட்டுக்காரன் திருப்பி அனுப்பிடுவான்."

"விளையாடாதீங்க. உங்களால ஏதாவது பண்ண முடியுமா, முடியாதா?"

அவள் சிரிக்கவில்லை.

நான் ஓய்வு பெறும்வரை ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். சாவைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்ப்பார். எருமை மாதிரி ஒரு பயில்வான் பாதிப் பேச்சில் எழுந்துபோய் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறார். இந்த வாய் வீட்டில் சும்மா கிடப்பானேன்? மாப்பிள்ளை என்னை எச்சரிக்கை அதிகாரி ஆக்கினார். சுழலும் நாற்காலி கொடுத்தார்கள். முதல் நாள் காலை முழுவதும் சுழன்றேன்.

முதலில் போனில் மாட்டியவர் ஒரு ரொட்டிக்கடைக்காரர்.

"வணக்கம் தம்பி. நீங்க போடற காசு முழுக்கப் போகலாம்."

"தெரியும் சார்."

"முழுக்கன்னா என்னன்னு நினைக்கறீங்க?"

"முழுக்கன்னா... முழுக்கத்தான்."

"இல்ல தம்பி. கொஞ்சம் கண்ணை மூடுங்க. உங்க கடை. அடுப்பு அணைஞ்சு கெடக்கு. மாவு மூட்டை இருந்த எடத்துல ஒரு பூனை படுத்திருக்கு. அந்தப் பூனைகூட உங்களப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

"சார், அடுப்பு எரியுதான்னு பாத்துட்டு வரேன்" என்றார். போனவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்குப் பின்னால் ஒரு தையல்காரர் ஓடினார். ஒரு கல்லூரிப் பேராசிரியை அழுதேவிட்டார். மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாமா, எச்சரிக்கை பண்ணத்தான் சொன்னேன். நீங்க இரங்கல் கூட்டம் நடத்தறீங்க."

"புரியும்படி சொல்லணும்னுதானே சட்டம் மாப்பிள்ளை? நல்லாப் புரியுது. அதான் ஓடறாங்க."

"சட்டப்படி சார் பண்றது சரிதான்" என்றார் வக்கீலம்மா. நான் மாப்பிள்ளையைப் பெருமையோடு பார்ப்பதற்குள், "இந்த நாட்டுல மட்டும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பக்கத்து நாட்டுச் சட்டம் நேர் எதிராம். அங்கே ஊழியர் எவரும் நல்லது என்றோ கெட்டது என்றோ கருத்தே சொல்லக்கூடாது. வாங்கலாமா என்று யாராவது கேட்டால் "உங்கள் விருப்பம்" என்ற இரண்டு சொல்லோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். என் போனில் இரண்டு விளக்குகள். சிவப்பு எரிந்தால் இந்த நாட்டு ஆள், பேசலாம். பச்சை எரிந்தால் அந்த நாட்டு ஆள், நான் தொடவே கூடாது.

சோதனை நாளில் ஒருவருக்கு இரண்டு பேராக வந்து நின்றார்கள். இரு நாடுகளும் சேர்ந்து சோதிப்பது என்று புதிதாக ஒப்பந்தமாம். எங்கள் நாட்டு அதிகாரி நிலைப்படியில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைகிற உருவம். பக்கத்து நாட்டிலிருந்து வந்த அம்மையார் ஊசி மாதிரி இருந்தார். நடந்தால் செருப்புகூடக் கருத்துச் சொல்லவில்லை.

"அடுத்ததா யார் சேரக் காத்திருக்காங்களோ அவங்களக் கூப்பிடுங்க" என்றார் எங்கள் அதிகாரி.

பொத்தானை அமுக்கினேன். சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தன.

வக்கீலம்மா திரையைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அங்க பொறந்தவர் சார். இங்க வாழறவர். ரெண்டு சட்டமும் பொருந்தும்" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

"அப்ப நான் பேசணுமா, கூடாதா?"

வாழ்க்கையில் முதன்முறையாக அவர் "நாட்டைப் பொறுத்து" என்று சொல்லவில்லை. பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதே நேரத்தில் கீழே பல் குடையும் சத்தம் நின்றது. "ஹலோ, பல் கிளினிக்" என்ற குரல் போனிலும் கேட்டது, தரை வழியாகவும் கேட்டது. எங்கள் கீழ்வீட்டு டாக்டரேதான்.

"வணக்கம் டாக்டர். நீங்க போடற காசு முழுக்கப் போகலாம்" என்றேன், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

எங்கள் அதிகாரி தலையாட்டினார்.

"ஓகோ. அப்ப வாங்கலாமா, வேண்டாமா?"

அம்மையார் பேனாவைத் திறந்தார்.

என் நாக்கு நுனியில் ஒரு காலி கிளினிக் வந்து நின்றது. டாக்டரின் சாய்வு நாற்காலியில் அந்தப் பழைய பூனை மல்லாந்து படுத்து, வாயைத் திறந்து காட்டியது. சொல்லத் துடித்தேன். மகளின் ஷட்டர் நினைவுக்கு வந்தது. பூனையை அப்படியே விழுங்கினேன்.

"உங்கள் விருப்பம்" என்றேன்.

ஆனால் விழுங்கிய பூனை எங்கே போகும்? பெருமூச்சாக வெளியே வந்தது. சாதாரண மூச்சா அது? மேஜையிலிருந்த காகிதங்கள் எழுந்து நின்றன. மாப்பிள்ளையின் கழுத்துப்பட்டை தோளுக்கு மேல் போய் விழுந்தது.

"என்ன சார் இப்படி மூச்சு விடறீங்க?"

"உங்கள் விருப்பம்."

"எனக்கு இந்தக் குரல் தெரியும் சார். கடவாய்ப் பல்லைப் புடுங்கறதுக்கு முன்னாடி, 'லேசா வலிக்கலாம்'னு நான் இதே குரல்லதான் சொல்வேன்."

நான் இன்னும் ஒன்று விட்டேன். இது சற்றுச் சின்னது.

"புரிஞ்சுது, புரிஞ்சுது. நெனச்சதுல பாதி மட்டும் போடறேன். போனாலும் கிளினிக் இருக்கும்." போனை வைத்தார். கீழே குடைவது மறுபடி ஆரம்பித்தது.

"'புரிஞ்சுது'ன்னு வாடிக்கையாளரே ரெண்டு தடவை சொல்லிட்டாரு" என்றார் எங்கள் அதிகாரி. "எனக்குத் திருப்தி."

அம்மையார் தன் சட்டப் புத்தகத்தை முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் புரட்டினார்.

"இவரு கருத்து சொல்லிட்டாரு" என்றார்.

வக்கீலம்மா துள்ளி எழுந்தார். "என்ன சொன்னார் மேடம்? எந்த வார்த்தை?"

"வார்த்தை இல்ல. மூச்சு."

"உங்க சட்டத்துல மூச்சைப் பத்தி இருக்கா?"

அம்மையார் நெடுநேரம் என்னைப் பார்த்தார். நான் அமெரிக்கையாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் பேனாவை மூடினார்.

லைசென்ஸ் தப்பியது. விஷயத்தைக் கேட்டதும் மகள் கடையிலிருந்தே போன் செய்தாள். "பெயர்ப் பலகைக்கு ஆர்டர் குடுத்துட்டேன்ப்பா. உங்களுக்கு ஒரு கண்ணாடி இலவசம்." எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் தங்க நிறத்தில் ஒன்று கேட்டிருக்கிறேன்.

பக்கத்து நாட்டுச் சட்டம் அடுத்த மாதமே திருத்தப்பட்டது. வக்கீலம்மா அதை என் மேஜைக்குக் கொண்டுவந்து வாசித்தார். வாடிக்கையாளருடன் பேசும்போது பெருமூச்சு, செருமல், நாக்கைச் சப்புக்கொட்டுதல் எல்லாமே இனிமேல் கருத்தாகக் கருதப்படுமாம்.

"சரிம்மா, சாதாரணமாவாவது மூச்சு விடலாமா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றாக யோசித்தார்.

"நாட்டைப் பொறுத்து சார்."